மலை வீட்டில் ஆகப் பழைய பொருள்: வயது சொல்வதும் பூஞ்சையிலிருந்து காப்பதும்

மிளிதேன் (கோத்தகிரி)

நம்மிடம் இன்னும் இருக்கிற மிகப் பழைய சொந்தப் பொருள் எது என்று யாராவது கேட்டால் பேச்சு நேராகத் தாத்தா, பாட்டி கதைக்குள் போய்விடும். அதற்கு இந்த இணைய மன்றத்தில் வேறு இழை (பேச்சுத் தொடர்) ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மூன்று விஷயம் போதும்: பொருளின் வயதை எதை வைத்துச் சொல்வது, நம் மலை ஈரம் அதை என்ன செய்யும், நாம் என்ன செய்யலாம்.

டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். பாதி வீடுகளில் பழைய பொருள் எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு ரீப்பர் கட்டை போட்டு 2 அங்குலமாவது தூக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், 4 அங்குலம் இடைவெளி விடுங்கள். பழைய கல் சுவர் மழைக்காலம் முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் தகரம் சில்லிட்டுப் போகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் மூடியின் உட்பக்கத்தில் வேர்த்து, சொட்டாக மேல் துணியில் விழும். பழைய புடவையில் மேல் மடிப்பில் மட்டும் வட்ட வட்டமாகப் பழுப்புக்கறை இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டால் வேர்வையை அது வாங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதை மட்டும் எடுத்துக் காயவைத்தால் போதும்.

அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்தக் காகிதம் அமிலம் கொண்டது. தானும் மஞ்சளாகி மேலே இருப்பதையும் மஞ்சளாக்கும். ஈரத்தைத் தகரத்தோடு ஒட்டிப் பிடித்துவைத்துத் துருவையும் வளர்க்கும். துவைத்துக் கஞ்சி போகக் காயவைத்த பருத்தித் துணி விரித்தால் போதும்.

உள்ளே துரு இருந்தால் 220 நம்பர் எமரி காகிதத்தால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு, அதற்குமேல் பெயின்ட். பெயின்ட் அடித்ததும் பெட்டியை நிரப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் திறந்தே கிடக்கட்டும். வாசனை முழுக்கப் போகுமுன் மூடினால் அந்த ஆவி போட்டோவையும் வெள்ளியையும் கெடுக்கும்.

இன்னொன்று. "அந்தக் காலத்தில் பரணில் போட்டாலே ஒன்றும் ஆகாது" என்பார்கள். பரணுக்குக் கீழே விறகடுப்பு எரிந்தது, அதனால் ஆகவில்லை. சூடும் புகையும் ஏறி அந்த இடம் எப்போதும் காய்ந்தே இருந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அதே பரண்தான் வீட்டிலேயே அதிகம் பூஞ்சை பிடிக்கும் இடம்.

தேவாலா மழை (கூடலூர்)

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். "மழைக்காலம்"னு பொதுவா சொன்னா மலைல ஆளுக்கொரு அர்த்தம். கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும்தான் கொட்டும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அக்டோபர்லருந்து டிசம்பர் வரை வர்ற மழைதான் பெருசு. ஊட்டிக்கு ரெண்டுலயும் பங்கு உண்டு. ஆனா பெட்டியத் திறந்து காத்தாட வைக்கிற மாசம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஜனவரி கடைசிலருந்து மார்ச் வரை.

அதுலயும் நேரம் பாருங்க. காலைல பனி காயறதுக்கு முன்னாடி திறக்காதீங்க. 11 மணிக்குத் திறந்து 3 மணிக்குள்ள மூடிடணும். சாயங்காலம் மஞ்சு இறங்கும்போது பெட்டி திறந்து கிடந்தா, காயவச்சதெல்லாம் திரும்ப ஈரத்த இழுத்துக்கும். நிழல்ல, காத்துல வைங்க. இந்த உயரத்துல வெயில் சில்லுன்னு தெரிஞ்சாலும் புற ஊதாக்கதிர் சமவெளிய விட அதிகம். பட்டுச் சாயம் சீக்கிரம் வெளுக்கும்.

எங்க பக்கம் ஜூலைல காத்தாட வைக்கறதுங்கற பேச்சே கிடையாது. மர அலமாரிக்கு அடித்தட்டுல 15 வாட் குண்டு பல்பு ஒண்ணு எரியவிடுவோம். கணக்கு இதுதான்: 15 டிகிரில ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கற காத்த 20 டிகிரிக்கு சூடாக்கினா, ஒரு சொட்டுத் தண்ணியையும் வெளியேத்தாமலே ஈரப்பதம் 66 பக்கம் இறங்கிடும். அஞ்சு டிகிரி சூட்டுக்கே அவ்வளவு வித்தியாசம். எல்இடி பல்பு போட்டா பிரயோஜனம் இல்ல, அதுல சூடு ரொம்பக் கம்மி. பல்பச் சுத்திக் கம்பி வலைக் கூண்டு கட்டாயம். துணி ஒரு அடிக்குள்ள வரக்கூடாது. ஹோல்டருக்குப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், பீங்கான் ஹோல்டரே போதும். வீட்ட பூட்டிட்டு ஊருக்குப் போறப்ப அணைச்சுட்டுப் போங்க.

சேரிங்கிராஸ் (ஊட்டி)

பழைய கேமரா ஒன்று, அகஃபா கிளிக் 3, தோல் உறையோடு இருக்கிறது. கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் ஈரம் போய்விடும் என்கிறார்கள். சரியா? காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி வாங்கத்தான் வேண்டுமா?

ஸ்டூடியோ லைட் (ஊட்டி)

அரிசி வேண்டாம் தம்பி. ஈரத்தை அது இழுப்பது மிகக் குறைவு, தவிட்டுத் தூசியும் வண்டும் இனாம்.

கண்ணாடியில் இருப்பது பூஞ்சை. 65, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நீடித்தால் வளரும். முதல் வேலையாக கேமராவைத் தோல் உறையிலிருந்து எடுங்கள். பூஞ்சைக்குத் தீனியும் ஈரமும் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த உறைதான். அதைத் தனியே காத்தாட வைத்து, தனிப் பையில் வையுங்கள். இனி இரண்டும் சேரவே கூடாது.

கிளிக் 3 எளிய பெட்டிக் கேமரா. 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படம். லென்ஸும் எளியது, அதனால் துடைப்பது சுலபம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை லென்ஸ் துடைக்கும் தாளில் நனைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள், சுற்றியுள்ள பெயின்ட் கரையும். துடைத்த பிறகும் அதே வலைக்கோடு தெரிந்தால் பூஞ்சை விட்ட அமிலம் கண்ணாடியையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அது போகாது. படத்தில் கொஞ்சம் புகைமூட்டம் விழும், அவ்வளவுதான்.

பிறகு காற்றுப் புகாத டப்பா. ரப்பர் வளையம் வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்கு 300 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் குளோரைடு உண்டு, நச்சு, சமையலறைப் பக்கம் கொண்டுபோக முடியாது. ஆரஞ்சு மணி ஈரம் குடித்ததும் பச்சையாகும். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். ஓவன் இல்லாவிட்டால் இதற்கென்றே ஒதுக்கிய இரும்பு வாணலியில் சிறு தீயில் கிளறலாம். தீ கூடினால் நிறம் கருகிவிடும், அப்புறம் எப்போது ஈரமானது என்று தெரியாது.

ஈரமானி கட்டாயம் வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் கடையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், வாங்கியதும் உப்புச் சோதனை. சோடா பாட்டில் மூடியில் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக்கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்து இறுக்கி மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து மானி 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி எப்போதும் 6 குறைத்துச் சொல்கிறது. அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

கேமராவுக்கு 40, 45 சதவீதம் சரி. 35க்குக் கீழே இறக்காதீர்கள், தோலும் ரப்பரும் வறண்டு விரியும்.

டீச்சரம்மா (குன்னூர்)

துணிகளைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். பழைய புடவை மடிப்புக் கோட்டிலேயே கிழிவதற்குக் காரணம், வருடக்கணக்காக அதே கோட்டில் இழை ஒடிந்துகொண்டே இருப்பது. ஜரிகை உள்பக்கம் வரட்டும். சாயம் போகாத, கஞ்சியில்லாத மல் துணியில் சுற்றுங்கள். கடை தரும் பிளாஸ்டிக் உறை கடையிலிருந்து வீடு வரைக்கும்தான். ஜரிகை கறுக்கக் கந்தகம் காரணம். ரப்பர் பேண்ட், கம்பளி, சில வகை அட்டைப்பெட்டி எல்லாம் கந்தக ஆவி விடும். வெள்ளி ஜரிகைப் புடவையையும் வெள்ளிச் சாமானையும் கம்பளியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வெள்ளை முண்டு, வேட்டி: கஞ்சி போட்டு எடுத்து வைப்பதுதான் தவறு. கஞ்சி இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு. நீலமும் போடாமல், நன்றாக அலசி, இஸ்திரி போடாமல் வையுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

கம்பளி, ஸ்வெட்டர்: ஓட்டை போடுவது பறக்கும் அந்து அல்ல, அதன் புழு. வியர்வையும் குழம்புக்கறையும் உள்ள இடத்தைத்தான் முதலில் தின்னும். அதனால் துவைக்காமல் எடுத்து வைக்கவே கூடாது. ஏற்கெனவே புழு இருந்தால் இரண்டு பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிதுக்கி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் கம்பளிமேல் வேர்த்துவிடும். நம் ஊர்ப் பனியில் ராத்திரி வெளியே போட்டாலே புழு சாகும் என்பது நடக்காத காரியம். உறைபனி சில மணி நேரம்தான், பூஜ்யத்தைச் சுற்றியேதான் நிற்கும்.

பாச்சை உருண்டை: துணியைத் தொடக்கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். ஆகவே மல் துணியில் முடிந்து மேலே வையுங்கள். பாச்சை உருண்டையோடு கற்பூரத்தைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் கலந்தால் இளகித் திரவமாகித் துணியில் எண்ணெய்க்கறையாக இறங்கும். பிளாஸ்டிக் பொத்தானையும் பாச்சை உருண்டை இளக்கும்.

மிக முக்கியமானது: பாச்சை உருண்டையோடு கிடந்த பழைய கம்பளியையோ ஸ்வெட்டரையோ பிறந்த குழந்தைக்கு நேராக எடுத்துப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலை வரச்செய்யும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. பாட்டி பின்னிய ஸ்வெட்டர்தான் வேண்டுமென்றால் துவைத்து, பல நாள் காத்தாட வைத்து, வாசனை கொஞ்சமும் இல்லை என்றான பிறகு போடுங்கள்.

தேவாலா மழை (கூடலூர்)

டீச்சர், நம்ம ஊருல பாச்சை உருண்டை எதுக்கு? யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டு பஞ்சுல விட்டா அந்து கிட்ட வராது. வீட்டுக்கு வீடு செய்யறதுதானே.

டீச்சரம்மா (குன்னூர்)

வராமல் தடுக்கும், வந்துவிட்ட புழுவைக் கொல்லாது. வாசனையும் சீக்கிரம் ஆவியாகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்றும் ஆளுக்கு அது சரி, வருடத்துக்கு ஒருமுறை பெட்டி திறப்பவருக்கு ஏமாற்றம்தான். பஞ்சைச் சின்ன கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். தைலம் பட்டுமேல் பட்டால் கறை.

தைலத்துக்கு வேறு நல்ல வேலை ஒன்று உண்டு. பழைய டப்பா, பித்தளைமேல் ஒட்டிய விலைச்சீட்டின் பசையை அது அழகாக எடுக்கும். காகிதத்திலும் போட்டோவிலும் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

தோடர் பூத்துக்குளி (பூ வேலைப் போர்வை) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனமான வெள்ளைப் பருத்தியில் இழை எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் போட்ட வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் இறந்தவரை அதில்தான் போர்த்துவார்கள் என்பதால் மிகப் பழையது கிடைப்பது அரிது. அதனால் இருப்பதைத் தண்ணீரில் போடும் முன் யோசியுங்கள். ஈர வெள்ளைத் துணியைச் சிவப்பு நூல்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துளி சிவப்பு ஏறினாலும் துவைக்கக்கூடாது. பூ வேலைமேல் மடிப்பு விழாமல், மல் துணி சுற்றிய 4 அங்குல பிவிசி குழாயில் சுருட்டி வையுங்கள்.

வில்பட்டி (கொடைக்கானல்)

வயது கண்டுபிடிப்பது பற்றி யாரும் எழுதவில்லையே. "நூறு வருஷப் பழசு" என்று சொல்லும் பொருளில் பாதி ஐம்பதைத் தாண்டாது. எழுத்து இருந்தால் அதுவே சாட்சி சொல்லும்.

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அன்றுதான் நூறு பைசா நாணய முறை வந்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. நமக்கு 624, நீலகிரிக்கு 643 என்று தொடங்கும். "மதராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். "கொடைக்கானல், மதுரை மாவட்டம்" என்று அச்சிட்ட ரசீது 1985 செப்டம்பருக்கு முன், அப்போதுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. தமிழ் அச்சில் லை, னை, ணை எல்லாம் கொம்பு வளைந்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதைக் கையெழுத்துக்குப் பொருத்தாதீர்கள், பழைய வடிவில் எழுதிப் பழகியவர்கள் கடைசிவரை அப்படியே எழுதினார்கள். சின்ன அச்சகங்களும் பழைய ஈய எழுத்தை உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை.

பின்கோடு இல்லாததால் மட்டும் 1972க்கு முன் என்று முடிவு கட்டவும் கூடாது, சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள் ஏராளம். இருப்பது சாட்சி, இல்லாதது வெறும் சந்தேகம்.

பித்தளை, செம்பில் பெயர் வெட்டியிருந்தால் டார்ச்சை ஏறக்குறையத் தரையோடு படுக்கவைத்து ஒளி பாய்ச்சுங்கள். தேய்ந்த புள்ளியும் நிழலில் தெரியும். அப்போதும் படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுத்து தாளில் ஏறும்.

ஸ்டூடியோ லைட் (ஊட்டி)

வில்பட்டி சார் சொன்னதற்குத் துணையாகப் போட்டோவின் வயது. பின்பக்கம் காகிதம் மாதிரி இருந்தால் பழைய ஃபைபர் தாள். பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக, தண்ணீர் பட்டால் உருண்டு ஓடினால் ஆர்சி தாள், ஏறக்குறைய 1970களுக்குப் பிறகு. நெகட்டிவ் ஓரத்தில் "இந்து" என்று இருந்தால் நம் ஊர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்தது. இந்துநகர் ஆலையில் உற்பத்தி 1967இல் தொடங்கியது, அதற்கு முன் இருக்க வழியில்லை.

கெடுவதிலும் வகை உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுத்த இடங்கள் சாய்த்துப் பார்த்தால் நீல வெள்ளியாக மின்னினால் படத்திலுள்ள வெள்ளி மேலே வந்துவிட்டது. துடைக்காதீர்கள், துடைத்தால் படமே வந்துவிடும். கலர்ப் படம் முழுக்கச் சிவந்து போனால் சயான் (நீலப்பச்சை) சாயம் மறைந்துவிட்டது. இருட்டில் வைத்தாலும் அது நடக்கும், வெயிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்கேன் செய்துதான் சரி பண்ண வேண்டும். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்திலுள்ள நல்ல நெகட்டிவையும் கெடுக்கும். அன்றைக்கே தனியே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்த நெகட்டிவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொடைக்கானல் வானியல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனை எடுத்த படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன என்றால் தகட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்கேன்: போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400லிருந்து 3200. தரம் குறையாத டிஃப் கோப்பாக ஒன்று வையுங்கள், வாட்ஸாப்புக்கு ஜேபெக் தனி. வாட்ஸாப்பில் அனுப்பியதையே மூலமாக வைத்திருப்பவர்கள்தான் அதிகம், அதில் பாதி விவரம் போய்விட்டது.

ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பத்தில் படம் சிக்கியிருந்தால் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே அறுப்பதுபோல் நகர்த்துங்கள். பின்னால் பெயர் எழுத 4பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். ஆர்சி தாளில் பென்சில் பிடிக்காது, உறைமேல் எழுதுங்கள்.

கொழும்புப்பெட்டி (கோத்தகிரி)

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வீடுகளில் ஆகப் பழைய பொருள் பெரும்பாலும் ஒரு காகிதக் கட்டுதான். 1964 அக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாம் சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு: இவை நினைவுப்பொருள் மட்டுமல்ல. சாதிச் சான்று, பூர்வீகச் சான்று கேட்கும்போது பேரப்பிள்ளைகளும் இதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அதனால் முதல் விதி: மூலத்தை லேமினேட் செய்யக்கூடாது. சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியே இல்லை. முத்திரையின் பின்பக்கப் பதிவைப் பார்க்க முடியாமல் போய், அதிகாரி சந்தேகப்படவும் இடமாகும். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை அந்த உறைக்குள்ளேயே வளரும்.

செய்ய வேண்டியது: துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளரை எடுங்கள். இழுக்காமல், பின்பக்கக் காலை நிமிர்த்தி எடுக்க வேண்டும். செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் டேப் உதிர்ந்து பழுப்புப் பசை மட்டும் நிற்கும். கிழிசலை அப்படியே விட்டு பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் தட்டையாகப் போடுங்கள். வாங்கும்போதே ரெக்சின் வாடை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம், மை அதில் ஒட்டி எழுத்து உரிந்துவிடும். ரப்பர் ஸ்டாம்பு மை, இங்க் பேனா எழுத்து இரண்டும் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, உலர்ந்த மென்மையான தூரிகை போதும்.

மழையில் நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். மேலும் கீழும் வெள்ளைத் துணி, மின்விசிறிக் காற்று. பாதி காய்ந்ததும் பக்கத்துக்கு நடுவே டிஷ்யூ தாள், அதை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாளில் காயவைக்க முடியாது என்று தெரிந்தால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை நிற்கும், நிதானமாகப் பார்க்கலாம்.

இருபுறமும் கலரில் 300 டிபிஐ ஸ்கேன் எடுத்து, சான்றொப்பமிட்ட நகல் நாலைந்து தயாராக வைத்தால் மூலம் பெட்டியைவிட்டு வெளியே வரும் தேவை குறையும்.

திருகாணி (குன்னூர்)

கடிகாரம். எச்எம்டி பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961. உங்கள் எச்எம்டி அதற்கு முன்னால் இருக்காது. சாவி கொடுக்கும் ஜனதா, பைலட் எல்லாம் 17 ஜுவல் (தேய்மானம் தாங்கும் கற்கள்).

சாவியை 25, 30 சுற்று. முட்டும்போது நிறுத்துங்கள். ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய் இறுகும், வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். கண்ணாடிக்குள் வேர்த்தால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஹேர்ஸ்பிரிங் துருப்பிடிக்கு முன் அன்றைக்கே திறந்து காயவைக்க வேண்டும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ். கொடுக்கும்போது "டயலை மாற்றாதே, பெயின்ட் அடிக்காதே, கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடு" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புது டயல் போட்ட பழைய கடிகாரத்துக்கு வயசும் இல்லை, விலையும் இல்லை. தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

தையல் மெஷின். சிங்கர் என்றால் படுக்கையில் வரிசை எண் குத்தியிருக்கும், கம்பெனிப் பட்டியலில் வருடம் கிடைக்கும். நம் ஊரில் மெஷின் இறுகுவதற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரி பக்கத்திலேயே உறையும், ஊட்டியில் ஒரு அறை அவ்வளவு சூடாக இருப்பதே அபூர்வம். எல்லா எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு, ஊசியையும் நூலையும் எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பழுப்புப் பிசின் வெளியே வரும். துடையுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்து, ராத்திரி காயவிட்டு, மறுநாள் மெஷின் ஆயில். மண்ணெண்ணெயோடு நிறுத்திவிட்டால் தேய்மானம்தான்.

மிளிதேன் (கோத்தகிரி)

பித்தளைக்கு வருவோம். புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்க்கிறார்கள். உப்பு குழிக்குள் தங்கினால் அதுவே திரும்பத் திரும்பப் பச்சைக் களிம்பைக் கிளப்பும். செங்கல் பொடி பெயர் வெட்டையே தேய்த்துவிடும். பழைய பாத்திரத்தைத் தேய்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி.

டீச்சரம்மா (குன்னூர்)

சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்தை அப்படி விட முடியாது மிளிதேன் அண்ணா. களிம்போடு சமைக்க முடியுமா? புழங்குவதற்கு உப்பில்லாத புளிக்கரைசல், மென்மையான துணி, வெந்நீரில் அலசல், உடனே துடைத்து வெயிலில் காயவைத்தல். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு, மோர் வேண்டாம். ஈயப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபூச்சு. காட்சிக்கு வைப்பது மட்டும் உங்கள் கட்சிப்படி நடக்கட்டும்.

ஈயச்சொம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் இருக்கும்வரை சூடு ஏறாது, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் அடி போய்விடும். பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் அதில் சமைக்காமல் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சேரிங்கிராஸ் (ஊட்டி)

ஈரமானி வாங்கி உப்புச் சோதனை செய்தாயிற்று. 71 காட்டுகிறது, 4 குறைவு. இன்னும் இரண்டு கேள்வி. சட்டம் போட்ட கல்யாணப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரங்குப் பெட்டி ஒன்றின் சாவி இல்லை, பூட்டு பெட்டியோடே சேர்ந்தது, உடைக்க மனமில்லை.

ஸ்டூடியோ லைட் (ஊட்டி)

படத்தைப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துவிட்டது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அப்படியே சட்டத்துக்குள் போட்டு உள்சுவரில் மாட்டுங்கள். புகைபோக்கி அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், சூடும் புகையும் மாறி மாறிப் படும். மற்ற படங்களுக்குக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 2 மி.மீ. அட்டை ஓரம் கொடுத்து, சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

திருகாணி (குன்னூர்)

பூட்டைத் தொடாதீர்கள். பெட்டியின் பின்பக்கக் கீலைப் பாருங்கள். பல பழைய பெட்டிகளில் கீலுக்குள் ஒரு கம்பி ஓடும். இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். கம்பியைவிடக் கொஞ்சம் சன்னமான ஆணியை அதன் முனையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், மறுபக்கம் வெளியே வரும். மூடி பின்னாலிருந்து திறக்கும். பிறகு உள்பக்கத்திலிருந்து பூட்டின் திருகையோ ரிவெட்டையோ எடுத்துப் பூட்டை மட்டும் சாவி செய்பவரிடம் கொண்டுபோங்கள். பூட்டுக்குள் எண்ணெய் விட வேண்டாம், பென்சில் கரியைப் பொடித்து ஊதுங்கள்.

கீல் ரிவெட் அடித்ததாக இருந்து கம்பியே இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, கிட்டே எடுத்த படம் ஒன்று இங்கே போடுங்கள்.